துப்பும் நாகமும் வாய் திறக்காத மருமகளும்

எங்கள் வீட்டுப் பின்புறம், சமையல் குடிசைக்கும் சோளக் குதிருக்கும் நடுவில், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. அதில் எப்போதும் சுத்தமான தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். அது குடிக்க அல்ல, குளிக்கவும் அல்ல. கோழிகூட அதில் மூக்கை வைக்கக் கூடாது. முதலில் மண்பானை, பிறகு தகர டிரம், பிறகு இந்தத் தொட்டி என்று ஐம்பது வருஷமாக அதை நிரப்பி வைத்தவள் என் அண்ணன் மனைவி மாம்யேனி. போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். இப்போது நான் நிரப்புகிறேன். வாளியைத் தூக்கும்போதெல்லாம் என் முழங்கால் அவளைத் திட்டுகிறது. நான் திட்டுவதில்லை.

மாம்யேனி என்றால் ம்யேனி குலத்துப் பெண் என்று அர்த்தம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்த மருமகளை அவள் அப்பன் குலத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளுடைய சொந்தப் பெயர் கெதிவே. அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த மலையின் இரண்டு சரிவிலும் யார் கண்ணிலாவது துப்பும் நாகம் விஷத்தைப் பீச்சிவிட்டால், முதலில் வரும் வார்த்தை, "மாம்யேனி வீட்டுக்கு ஓடு" என்பதுதான். ஒரு தலைமையாசிரியர் வந்திருக்கிறார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள். தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர் வழியெல்லாம் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே வந்து சேர்ந்தார். நாய்களுக்குக் கணக்கே இல்லை. வந்தவனை மண்ணில் உட்காரவைத்து, தலையைத் தன் முழங்கைக்குள் இறுக்கி, கட்டைவிரலால் இமையைப் பிரித்து, செம்பு செம்பாக ஊற்றுவாள். கால் மணி நேரம் ஊற்றுவாள். ஆள் திமிறினால் காதைத் திருகுவாள். அவள் கையில் அகப்பட்ட தலை அசைந்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள்.

அவள் முதல்முதலாகக் கழுவியது என் அப்பாவின் கண்ணை. அது பாலால். அந்தக் கதையை நான் பலமுறை பொய்யாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே இப்போது உண்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கும் இருபது வயது, எனக்கும் இருபது. அண்ணன் தொகோசானி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பொன் சுரங்க வேலைக்கு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். புது மருமகள் என்றால் எங்கள் வீட்டில் என்னென்ன கட்டு என்று உங்களுக்குத் தெரியாது. தலையில் துணி, தோளில் போர்வை, வெயில் மண்டையைப் பிளந்தாலும் எடுக்கக் கூடாது. மாமனார் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவர் காதில் விழும்படி பேசக் கூடாது. முற்றத்தைக் குறுக்கே கடக்காமல் வீடுகளின் பின்னால் சுற்றிப் போக வேண்டும். மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கவே கூடாது, அது முன்னோர்கள் இருக்கும் இடம். வீட்டில் பிறந்த நான் போகலாம், வந்தவள் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மாமனார் அவளுக்கென்று ஓர் ஆடு அறுக்கும் வரைக்கும், எங்கள் மாட்டுப் பாலிலோ தயிரிலோ ஒரு சொட்டு அவள் வாயில் படக் கூடாது. ஆடு அறுத்தால் அவள் வீட்டு மனுஷி. அறுக்காதவரை அவள் விருந்தாளி, விருந்தாளியை எந்த நாளும் திருப்பி அனுப்பலாம்.

மற்ற வீடுகளில் ஒரு மாதத்தில் ஆடு அறுத்துவிடுவார்கள். என் அப்பா பேகிஃபா நியாவோ தன்னோடு பீர் குடிக்கும் நண்பனின் மகளைத்தான் மருமகளாக மனதில் வைத்திருந்தார். அண்ணன் கேட்காமல் பொங்கோலாச் சமவெளியிலிருந்து இவளைக் கூட்டி வந்தது அவருக்குத் தொண்டையில் முள். அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். முதல் மாதம் ஆடு சினையாக இருந்தது. இரண்டாம் மாதம் ஆட்டுக்கு இருமல். பிறகு மகன் வரட்டும் என்றார், பிறகு மழை வரட்டும் என்றார். எட்டு மாதம் எங்கள் ஆடுகள் அத்தனையும் ஒன்று கர்ப்பிணி, இல்லாவிட்டால் நோயாளி. நாங்கள் உதிரியாகக் கிண்டிய சோளக்களியில் தயிரைக் கொட்டிப் பிசைந்து சாப்பிட, அவள் கதவோரம் உட்கார்ந்து வெறும் களியைத் தண்ணீரோடு விழுங்குவாள்.

எனக்கு இப்போது திரும்ப வேண்டும் என்று தோன்றுவது அந்த எட்டு மாதம்தான். அவளுக்குக் கஷ்டகாலம், எனக்கு அப்படி இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரே உரலில் இரண்டு பேரும் மாறி மாறி உலக்கை போடுவோம். நான் பேசுவேன், அவள் கேட்பாள். எங்கள் ஊரில் என் வாய்க்கு அப்படியொரு காது அதற்கு முன் கிடைத்ததில்லை. அவளும் பேசுவாள், ஆனால் மூச்சுக் குரலில். அப்பா இருமுவது போல இருமிக் காட்டுவாள். நான் உலக்கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பேன். அவள் முகம் மட்டும் தேவாலயத்தில் இருக்கிற முகமாக இருக்கும்.

ஒரு நாள் சுரைக்குடுவையிலிருந்து ஒரு கிண்ணம் தயிர் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"யாரும் பாக்கல. சாப்பிடு."

"நான் பாக்கறேனே."

"எட்டு மாசமா வெறுங்களி. எப்படித்தான் தொண்டையில இறங்குதோ."

"உன் பேச்சைக் கேட்டுக்கிட்டே முழுங்கினா இறங்கிடுது."

"கிண்டலை விடு. நாக்குல வையேன்."

அவள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "அவர் குடுத்தா வாங்கிக்கறேன், ஃபிகிலே. திருடித் தின்னுட்டா அப்புறம் எத்தனை ஆடு அறுத்தாலும் நான் விருந்தாளிதான்."

தயிரை நானே சாப்பிட்டேன். கோபத்தில் இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன்.

மழை பொய்த்துப்போன செப்டம்பர் அது. ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். அன்று அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு விறகுக்குப் போயிருந்தாள். வீட்டுத் தண்ணீர்ப் பானை வறண்டு, அடியில் தவளை உட்கார இடம் இருந்தது. முற்பகலில் அப்பா பால் கறந்து இரண்டு மரக்குவளைகளையும் நிரப்பி ஓரமாக வைத்துவிட்டு, கன்று முட்டிச் சரித்த பட்டிச்சுவர்க் கல்லைத் தூக்கப் போயிருக்கிறார். நானும் மாம்யேனியும் பின்னால் சோளம் இடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா கத்தினார். அவர் கத்துகிறவர் அல்ல, மற்றவர்களைக் கத்தவைக்கிறவர். ஆகவே அது யார் குரல் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை.

இரண்டு பேரும் ஓடினோம். பட்டி வாசலில் குறுக்குக் கழிகளுக்கு முன்னால் மாம்யேனி நின்றுவிட்டாள். நான் குனிந்து உள்ளே போனேன். அப்பா முழங்காலில் விழுந்து இரண்டு முஷ்டியாலும் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கற்களுக்கு அந்தப் பக்கம் நாகம் வழுக்கிக்கொண்டு போனது. மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கழுத்தடியில் இளஞ்சிவப்பு, அதில் கறுப்புப் பட்டைகள். அதற்கு எங்களைப் பார்க்கக்கூட நேரமில்லை.

"ஃபிகிலே, கருமருந்து. என் கூரையில செருகின மாட்டுக் கொம்புல இருக்கு. ஓடு, கண்ணுல தேய்க்கணும்."

கருமருந்து என்றால் வேரையும் பாம்பையும் சேர்த்துக் கருக்கிய பொடி. கடித்த இடத்தைக் கீறி அதைத் தேய்ப்பது வழக்கம். பாம்பு செய்த காரியத்துக்குப் பாம்பு மருந்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் ஓடினேன்.

கொம்போடு திரும்பியபோது மாம்யேனி பட்டிக்குள் இருந்தாள். கழிகள் அப்படியே இருந்தன, தாண்டிக் குதித்திருக்கிறாள். தோள் போர்வை சாணியில் கிடந்தது. மாமனாரின் தலையை முழங்கைக்குள் பிடித்து, கட்டைவிரலால் இமையைத் திறந்து, அன்று கறந்த பாலைக் கண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்தப் பாலில் அவள் விரல்கூடப் பட்டதில்லை.

"ஃபிகிலே, விடுடி. என்னத்தடி ஊத்தற? பாலா? என் மாட்டுப் பாலையா தரையில கொட்டற? மருந்து எங்கடி?" அப்பா கையை வீசினார். ஒரு வீச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொம்பை நீட்டினேன். காலால் ஒரு உதை விட்டாள், பொடி முழுக்கச் சாணியில் போயிற்று. பிறகு இரண்டாவது குவளையைப் பார்த்து மோவாயால் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பேசாமல் செய்த முதல் காரியம் அது.

அவள் அம்மாவின் இடது கண்ணை நான் பிற்பாடு பார்த்தேன். அவித்த முட்டையின் வெள்ளை போல இருக்கும். அங்கேயும் இதே பாம்புதான், பிறகு இதே பொடிதான். தேய்த்தது யார் என்று கேட்டால் அந்த வீட்டில் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இரண்டாவது குவளை தீர்ந்த நேரத்தில் பாதையில் அம்மாவின் குரல் கேட்டது, கூடவே மற்றப் பெண்களின் குரலும். மாம்யேனி அப்பாவின் தலையை என் மடியில் வைத்தாள். போர்வையைப் பிடுங்கிக்கொண்டு கழிகளைத் தாண்டினாள். அம்மா பட்டிக்குள் வந்தபோது, வீட்டுப் பின்னால் உலக்கைச் சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு கழுவினது?" என்று அம்மா கேட்டாள்.

"உன் மகதான்," என்றார் அப்பா. "கழுதை, ரெண்டு குவளையும் காலி பண்ணிட்டா. ஆனா எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கு."

நான் பால் நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. பிறகு உரலடியில் மாம்யேனியைப் பிடித்தேன்.

"சொல்லிடாத, ஃபிகிலே. பட்டிக்குள்ள போயிட்டேன், அவர் முகத்தைத் தொட்டுட்டேன், பாலைக் கொட்டிட்டேன். என்னை அனுப்ப அவருக்கு இதுல ஒண்ணு போதும்."

"ஊரே என்னைப் புகழுமே. எனக்கு வெக்கமா இருக்காதா?"

"உனக்கா? வெக்கமா?" என்று சிரித்தாள். உலக்கையை எடுத்து மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

அன்றே அப்பாவைச் மாடு பூட்டின, சக்கரமில்லாத சறுக்குவண்டியில் சாலைவரைக்கும் இழுத்துப் போய், பஸ் ஏற்றி, மலைமேல் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பருத்த நர்ஸ் கண்ணைப் பார்த்தாள், களிம்பு போட்டாள், கட்டினாள். ஆறாம் நாள் அவிழ்க்கச் சொன்னாள்.

"யார் கழுவினாங்களோ, கண்ணைக் குடுத்திருக்காங்க. தேய்ச்சிருந்தீங்கன்னா குருடுதான், நியாவோ ஐயா," என்றாள்.

"மூஞ்சியில துப்பிட்டுப் போயிடுச்சு," என்றார் அப்பா. வலியைவிட அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"அது துப்பறதில்லய்யா. நாமதான் அப்படிப் பேரு வெச்சுட்டோம்."

"துப்பலன்னா பின்ன என்ன, முத்தமா குடுத்துச்சு?"

நர்ஸ் சிரித்தாள். "துப்பினா எச்சில் வரணும். இது விஷப்பல்லுலேர்ந்து வர்றது. மத்த பாம்புக்குப் பல்லு நுனியில ஓட்டை கீழ பாத்து இருக்கும், இதுக்கு முன்னால பாத்து இருக்கும். தாடைச் சதையை அழுத்தினா, நாங்க ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்தைப் பீச்சிப் பாக்கறோமே, அந்த மாதிரி வந்துடும். எலி பிடிக்கக் கடிக்கும், பீச்சாது. பீச்சறது தப்பிக்கறதுக்கு மட்டும்தான். கண்ணு மறைஞ்சா அது ஓடிடலாம்ல."

"என்னைப் பாத்தா பயந்துச்சுங்கற?"

"உங்க வீட்டுக் கூரையை ஒருத்தன் திடீர்னு தூக்கினா நீங்க என்ன செய்வீங்க?"

அன்றே திரும்பினோம். பஸ்ஸில் பாதி வழியில், "பயந்துதான் செஞ்சுச்சாமே," என்றார் அப்பா, என்னிடம் அல்ல. பின்வந்த வருஷங்களில் மாம்யேனி எத்தனையோ நாகங்களைத் துடைப்பத்தால் விரட்டியிருக்கிறாள், ஒன்றைக்கூட அடிக்கவிட்டதில்லை. போகிற வழியை விட்டுவிட்டால் அது போய்விடும் என்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அஞ்சு நாள் எனக்குத் திருவிழா. அக்கம்பக்கத்தார் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இரண்டாம் நாள் சரளமாக வந்தது. நாலாம் நாள் பாம்பு இரண்டு முழம் நீண்டுவிட்டது, நான் அதை முறைத்ததாகவும் அது தலையைத் தாழ்த்தியதாகவும் சொல்லிவிட்டேன். மாம்யேனி குனிந்த தலையோடு எல்லாருக்கும் பீர் கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டாள். எனக்கு அந்தப் புகழ் பிடித்திருந்தது. அதைச் சொல்ல ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆறாம் நாள் காலையில் அப்பா கட்டை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் முற்றத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல வெள்ளாட்டுக் கிடா ஒன்றைப் பிடித்துப் பட்டி வாசலில் கட்டச் சொன்னார். முன்னோர்களுக்கு நன்றி சொல்லப்போகிறார், அதில் ஒரு தொடை எனக்கு என்று நினைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பெரியப்பாவும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாம்யேனி கடைசியில், குடிசைச் சுவரோடு ஒட்டி இருந்தாள்.

அப்பா மூக்குப்பொடி எடுத்துப் போட்டார். பேச ஆரம்பித்தார்.

"அஞ்சு நாள் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வேற வேலை இல்ல, யோசிச்சேன். அன்னைக்கு ஒருத்தர் என் தலையைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு குவளைப் பாலை ஊத்தினாங்க. நான் திட்டினேன், அடிச்சேன். ஒரு வார்த்தை பதில் வரல." அவர் என் பக்கம் திரும்பினார். அந்தச் சிவந்த கண்களை நான் மறக்கவில்லை. "இவ என் மக. பொறந்த நாளிலேர்ந்து இவ அவ்வளவு நேரம் வாயை மூடினதே இல்ல. தூக்கத்துலகூடப் பேசுவா."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அதுவே அவர் சொன்னதற்குச் சாட்சியாகப் போய்விட்டது.

"இந்த வீட்ல அடி வாங்கினாலும் சத்தம் போடாம இருக்கப் பழகினவ ஒருத்திதான் இருக்கா," என்றார் அப்பா. சிரிப்பு நின்றது. "நாமதான் பழக்கினோம். மாம்யேனி, முன்னால வா."

அவள் முழங்காலிலேயே நகர்ந்து வந்தாள். போர்வையைக் கழுத்தடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பட்டியில் கால் வைத்ததற்கு வழியனுப்பும் பேச்சா, அல்லது வேறா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா தன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். நான் எழுந்து, "அவளை அனுப்பினா நானும் போறேன்," என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு எழவில்லை.

"தலையைத் தூக்கு," என்றார் அப்பா.

அவள் தூக்கவில்லை.

"தூக்கும்மா, நான்தான் சொல்றேன். நீ காப்பாத்தின கண்ணு எப்படி இருக்குன்னு நீயே பாத்துக்கோ."

அத்தனை பேர் முன்னால், மாமனார் முகத்தை மாம்யேனி நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. முதலில் ஒரு கண், பிறகு இன்னொரு கண்.

"கொஞ்சம் செவப்பா இருக்கு, மாமா," என்றாள். எட்டு மாதத்தில் அவர் காதில் விழுந்த அவளுடைய முதல் வார்த்தைகள் அவை. "சரியாயிடும்."

கிடா அறுத்தார்கள். அப்பா தன் கையாலேயே குடுவையைச் சாய்த்து அவளுக்குத் தயிர் ஊற்றினார். அவள் மூன்று கிண்ணம் சாப்பிட்டாள், நான் எண்ணினேன். மூன்றாவதை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், அப்பா இருமுவது போல இருமினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு அப்பா பத்தொன்பது வருஷம் இருந்தார். மாம்யேனி அவருக்குச் சாப்பாடு போட்டாள், சண்டை போட்டாள், அவர் காலில் எண்ணெய் தேய்த்தாள். முகத்தை மட்டும் திரும்ப நிமிர்ந்து பார்க்கவில்லை. மரியாதை மரியாதைதான் என்பாள். அவர் கடைசி மூச்சு விட்ட காலையில் பெரியப்பா மகன் கண்ணை மூடக் கை நீட்டினான். அம்மா அவன் கையைத் தடுத்தாள். "அவளை விடு. அவர் சொல்லிட்டுப் போயிருக்கார்," என்றாள். மாம்யேனி போர்வையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் இமைகளை மெதுவாகக் கீழே இறக்கினாள்.